அத்தாவின் தராசு

மதுராந்தகம் கடைத்தெருவில் எங்கள் அத்தா பழைய பாத்திரக் கடை வைத்திருந்தார். ஓட்டை விழுந்த அண்டா, காது முறிந்த தவலை, நசுங்கிய சொம்பு, தண்டு ஒடிந்த குத்துவிளக்கு ஆகியவையெல்லாம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து அவருடைய கடைக்கு வந்து சேரும். பேரீச்சம்பழக் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவிச் செல்பவர்கள், பழத்துக்கு மாற்றாகப் பெற்ற உடைசல்களை மாலையில் கொண்டு வந்து கொட்டுவார்கள். அத்தா அவற்றைச் செம்பு, பித்தளை, வெண்கலம் என்று பிரித்து, எடை போட்டு, விலை தீர்ப்பார். மாதம் ஒரு முறை மூட்டைகள் புகைவண்டியேறிச் சென்னை சௌகார்பேட்டைக்குப் போகும். அங்கிருந்து அவை உலைக்குப் போகும்.

உலோகத்தை இனம் காண அத்தாவுக்குக் கண் வேண்டியதில்லை, காது போதும். நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். “வெண்கலம் பாடும், பித்தளை பேசும், செம்பு முனகும்” என்பது அவர் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். அளவையில் அவர் காட்டிய நேர்மையை ஊரறியும். தட்டு இரண்டையும் துணியால் துடைத்து, முள் நடுவில் நிற்பதை விற்க வந்தவர் தம் கண்ணால் பார்த்த பிறகே பொருளை வைப்பார். எடையில் குறை வைப்பவனுக்கு மறுமையில் என்ன காத்திருக்கிறது என்பதை அவர் மறந்ததில்லை. ஆனால், எடைக்கு அப்பால் ஒரு பொருளுக்கு வேறு மதிப்பு உண்டா என்ற கேள்வி அவர் வாழ்வில் அதுவரை எழுந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வி எழுந்த ஒரு நாளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அது 1970-ஆம் ஆண்டு. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார். 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது அது என்றும், எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் அதன் முதற்பொறுப்பாளராக இருந்தார் என்றும், அங்கே காட்டு விலங்குகளைக்கூட முதலில் வைத்திருந்தார்கள் என்றும் அவர் சொன்னார். விலங்குகள் பின்னர் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டபோது, சென்னை மக்கள் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்களாம். வகுப்பே சிரித்தது. அன்றிரவே நான் அத்தாவிடம், “அடுத்த தடவை மூட்டை கொண்டு போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள் அத்தா” என்று கேட்டேன்.

எங்கள் நன்னி குறுக்கிட்டார். “அங்கே எல்லாம் சிலையாமே! பிள்ளையை அங்கே ஏன் கூட்டிப் போகிறாய்?” என்றார்.

அத்தா உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் ஹஜ்ரத் அவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து நன்னியிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நாம் வணங்கப் போகவில்லை அம்மா, பார்க்கத்தான் போகிறோம். பூமியில் சுற்றிப் பார்த்து, முன்னிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சிந்திக்கும்படி நம் மறையே திரும்பத் திரும்பச் சொல்கிறதென்று ஹஜ்ரத் சொன்னார்.” நன்னி அதற்குமேல் மறுக்கவில்லை. கட்டுச்சோறு கட்டித் தந்தார்.

புகைவண்டி கருங்குழி, படாளம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஓடியதும், செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருப்புப் பாதையை ஒட்டியே விரிந்து கிடந்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன. சௌகார்பேட்டையில் வணிகத்தை முடித்துக்கொண்டு, லுஹர் தொழுகையையும் நிறைவேற்றிவிட்டு, பாந்தியன் சாலைக்கு வந்து சேர்ந்தோம்.

வளாகத்தில் நுழைந்ததும் அத்தா நின்றுவிட்டார். எதிரே செந்நிறக் கல்லில் ஓர் உயர்ந்த வாயில் தெரிந்தது. அதன் வளைவும், மாடக் குவிமாடங்களும், கல்லில் குடைந்த சல்லடைச் சாளரங்களும் ஏதோ ஒரு பெரிய பள்ளிவாசலின் முகப்பைப் போலவே இருந்தன. “இது யார் கட்டியது?” என்று வியந்தார். அதுதான் தேசியக் கலைக்கூடம். விக்டோரியா நினைவு மண்டபம் என்ற பெயரில் ஹென்றி இர்வின் என்பவர் வரைந்த திட்டப்படி எழுப்பப்பட்டு, 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1951-ஆம் ஆண்டில் தேசியக் கலைக்கூடம் என்னும் பெயர் பெற்றது. அக்பர் ஃபதேபூர் சிக்ரியில் எழுப்பிய புலந்து தர்வாசா என்னும் பெருவாயிலை அதன் முகப்பு நினைவூட்டுகிறது என்பதை நான் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். அன்று அத்தாவுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ஆயினும், தமக்கு அறிமுகமான ஒரு வீட்டின் வாசலில் நிற்பவரைப் போல் அவர் முகம் மலர்ந்தது.

உள்ளே இரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்த்தோம். மொகலாயச் சிற்றோவியங்களின் முன்னே அத்தா நெடுநேரம் குனிந்து நின்றார். உள்ளங்கையளவு தாளில் ஓர் அரசவை முழுவதையும் அடக்கியிருந்த அந்தத் தூரிகையின் நுண்மையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அமராவதிச் சிற்பங்கள் இருந்த கூடத்துக்கும் போனோம். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்தப் பௌத்தச் சின்னங்களில் பலவற்றைக் கிருஷ்ணை ஆற்றங்கரை மக்கள் கட்டடக் கல்லாகப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். பலவற்றைச் சுண்ணாம்புக்காகச் சூளையில் இட்டுச் சுட்டார்கள். எஞ்சியவற்றில் ஒரு பகுதி சென்னையிலும் ஒரு பகுதி இலண்டனிலும் இருக்கின்றன. ஆசிரியர் சொல்லியிருந்த இந்தச் செய்தியை நான் சொன்னபோது அத்தா, “சுண்ணாம்புக்கா?” என்று மட்டும் கேட்டார். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

வெண்கலக் கூடத்தில்தான் அத்தா முழுமையாக விழித்துக்கொண்டார் என்று சொல்லவேண்டும். அது அவருடைய உலகம். முதற்பத்து நிமிடங்கள் அவர் கண்ணாலேயே எடை போட்டார் என்பதை நான் ஒளிக்கப்போவதில்லை. “இது இருபது கிலோ வரும். இது உள்ளே பொள்ளல் இல்லை, கெட்டி வார்ப்பு. இதில் செம்பு அதிகம், ஈயம் கொஞ்சம்” என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஒரு விளக்கின் அருகே அவர் கை தன்னையறியாமல் நீண்டது. சுண்டிப் பார்க்க எழுந்த அந்த விரல், தொடாதீர்கள் என்ற பலகையைக் கண்டு, பாதி வழியில் நின்று திரும்பியது.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவாலங்காட்டிலிருந்து கிடைத்த ஆடவல்லான் படிமத்தின் முன்னே கூட்டம் இருந்தது. பிரான்சு நாட்டின் பெருஞ்சிற்பி ரோடேன், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் நிழற்படங்களைப் பார்த்தே வியப்பில் ஆழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார் என்பதும், அது அவர் மறைந்தபின் 1921-ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பதும் கலையுலகம் அறிந்த செய்திகள். அந்தக் கூட்டத்தில் ஒரு தந்தை தம் இரண்டு பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “இதெல்லாம் மண்ணுக்குள்ளே கிடைத்தவை. துலுக்கர் படை வருகிறதென்று பயந்து நம்மவர்கள் புதைத்து வைத்தார்கள்” என்றார். சொல்லிக்கொண்டே திரும்பியவர் அத்தாவின் தொப்பியையும் தாடியையும் கண்டார். அவருடைய பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் இருவரும் எங்களையே பார்த்தார்கள்.

அந்த நொடியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதர் தீய எண்ணத்தோடு சொன்னவரல்லர்; தாம் கேட்டதைச் சொன்னார். ஆயினும் அந்தக் கூடத்தில் நாங்கள் இருவரும் திடீரென்று பார்க்க வந்தவர்களாக இல்லாமல், பார்க்கப்படுபவர்களாக ஆகிவிட்டோம்.

அத்தா ஓடவில்லை. சினக்கவும் இல்லை. ஓரடி முன்னே வந்து, “ஐயா சொல்வது சரிதான். அச்சம் இல்லாமல் யாரும் இவ்வளவு அருமையான பொருளை மண்ணில் புதைக்கமாட்டார்கள்” என்றார். பிறகு அந்தப் பிள்ளைகளின் பக்கம் குனிந்தார். “தம்பிகளா, இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? முதலில் மெழுகில் செய்வார்கள். குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகு. விரல் நகம், கண்ணிமை எல்லாம் மெழுகிலேயே செதுக்கிவிட்டு, அதன்மேல் நைசான வண்டல் மண்ணை அப்பிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். அச்சு போயிற்று, மெழுகும் போயிற்று. ஆகவே உலகத்தில் இதைப்போல் இன்னொன்று இருக்காது. ஒன்றே ஒன்றுதான்.”

பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். அவர்களுடைய தந்தை, “பாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்றார். “பழைய பாத்திரக் கடைதான் நம் பிழைப்பு. உருக்குகிறவனுக்கு வார்ப்பு தெரியாமல் இருக்குமா?” என்று அத்தா சிரித்தார். அதன் பிறகு அந்தக் குடும்பமும் நாங்களும் சேர்ந்தே கூடம் முழுவதையும் சுற்றினோம். களிம்பேறிக் கிடந்த படிமங்களை மின்பகுப்பு முறையில் தூய்மை செய்வதற்கென்று 1930-ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது என்பதை அங்கிருந்த காவலர் சொன்னபோது, அத்தா அவரை விடாமல் கேள்வி கேட்டார். உப்பு மண்ணில் கிடந்த வெண்கலத்தைக் களிம்பு உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும் என்பது அவர் அனுபவத்தில் அறிந்தது. அதை நிறுத்த வழியுண்டு என்பது அவருக்குப் புதுச்செய்தி.

திரும்பும் வண்டியில் மஃரிபு நேரம் கடந்து இருட்டிவிட்டது. நான் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். “அத்தா, அந்தப் படையில் வந்தவர்கள் நம்மவர்களா?”

அத்தா நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார். “நம் பாட்டன்மார் கப்பலில் சரக்கோடு வந்தவர்களும், இந்த மண்ணிலேயே கலிமா சொன்னவர்களும். படையோடு வந்தவர்கள் அல்லர். ஆனால், புதைத்தவன் நடுங்கிய நடுக்கம் பொய்யில்லை வாப்பா. அதை இல்லையென்று சொல்லி நாம் எதையும் அடையப்போவதில்லை. நாம் யார் என்பதை நம்முடைய கை காட்டட்டும்.”

அத்தா படித்தவரல்லர். அவர் சொன்னதைப் பிற்காலத்தில் நான் நூல்களோடு ஒத்துப் பார்த்தேன். 1311-ஆம் ஆண்டில் மாலிக் காஃபூரின் படை மதுரை வரை வந்தது உண்மை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயப் படைக்கு அஞ்சிக் காஞ்சி வரதராசரின் படிமத்தை உடையார்பாளையத்துக்குக் கொண்டு சென்றதும், 1710-ஆம் ஆண்டில் அது திரும்பி வந்ததும் உண்மை. 1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை எங்கள் செங்கல்பட்டுச் சீமையைச் சூறையாடியதும், எங்கள் ஊரை அடுத்த கருங்குழிக் கோட்டை அந்தப் போரில் கைமாறியதும் உண்மை. அதேபோல், சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்த முதலாம் இராசாதிராச சோழன் அங்கிருந்து ஒரு வாயிற்காவலர் சிலையை வெற்றிச் சின்னமாகக் கொண்டு வந்ததும், அந்தச் செய்தி அச்சிலையிலேயே பொறிக்கப்பட்டிருப்பதும் உண்மை. அது இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. படையெடுத்தவர் எந்தச் சமயத்தவராயினும் பொன்னும் வெண்கலமும் அவர்களுக்குக் கொள்ளைப் பொருள்களே. புதைத்தவர்களும் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர். 1856-ஆம் ஆண்டு முதல் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. அவற்றில் பலவும் எழும்பூரில்தான் உள்ளன.

நம்மவரிடையே காக்க வேண்டுமென்று குரல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பக்தாதைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப், ஸலாஹுத்தீனின் மகனுடைய ஆட்சிக் காலத்தில் எகிப்தில் ஒரு பிரமிடை இடிக்க எட்டு மாதங்கள் முயன்று தோற்றதைக் கண்டு வருந்தி எழுதினார். மனித முகமும் சிங்க உடலும் கொண்ட அந்த மாபெரும் சிலையின் முக அமைப்பில் இருந்த அளவுப் பொருத்தத்தை வியந்து பாராட்டினார். அவர் அதை வணங்கவில்லை, கண்ணுள்ளவராகப் பார்த்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே அவர் பார்த்த பார்வைக்கும், எங்கள் அத்தா எழும்பூரில் பார்த்த பார்வைக்கும் அதிக வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால், பார்ப்பது எளிது. அத்தாவுக்கு உண்மையான சோதனை இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972-ஆம் ஆண்டில் வந்தது.

ஒரு மாலை, கடையை எடுத்து வைக்கும் நேரம். ஏரிப் பாசனத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கூலித் தொழிலாளி கோணிப்பையோடு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பாய், வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தது. எடை போட்டுக் கொடுங்கள்” என்று கீழே கொட்டினார். மண் ஒட்டிய ஒரு கைமணி, பிடி நீண்ட ஒரு கைவிளக்கு, அடியில் தாமரை இதழ்கள் வெட்டிய ஒரு சிறு பீடம். மூன்றும் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. பீடத்தின்மேல் எது நின்றிருந்ததோ, அது இல்லை.

அத்தா கைமணியை எடுத்துச் சுண்டினார். நாக்கு இல்லாத அந்த மணி களிம்பையும் மீறி மெல்லப் பாடியது. நான் தராசைத் துடைத்து வைத்தேன். அத்தா, “வேண்டாம், தராசை எடுத்து உள்ளே வை” என்றார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. அம்மாவின் அச்சம் நியாயமானது. “கோயில் சாமானை வைத்திருக்கும் துலுக்கன் கடை என்று நாளைக்கு ஊர் பேசினால் என்ன செய்வீர்கள்? எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் மட்டும், எங்கே திருடினாய் என்று கேட்கமாட்டார்களா? நமக்குத் தெரியாது, கொண்டு போ என்று அந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்று அழுதார். திருப்பிக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை. யாரும் அத்தாவைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால், அந்தத் தொழிலாளி அடுத்த கடைக்குப் போவார். அங்கே எடை போடப்படும். ஒரு வாரத்தில் உலையில் கரைந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். “இது நம்மிடம் வந்துவிட்டது. இனி இது அமானிதம்” என்றார் அத்தா. அம்மாவால் அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல முடியவில்லை.

அந்தத் தொழிலாளியின் வயிறும் அத்தாவின் நினைவில் இருந்தது. உலோகத்தின் விலையை மதிப்பிட்டுத் தம் கைக்காசிலிருந்து அவருக்குக் கொடுத்தார். காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு கிராம முன்சீப்பைப் பார்த்தார். மூவரும் கோணிப்பையோடு உரிய அலுவலகத்துக்குச் சென்றார்கள். நான் பள்ளிக்குப் போகாமல் பின்னாலேயே போனேன். அத்தாவின் கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழும்பூரில் நடுங்காத கை அன்று நடுங்கியது.

அஞ்சியது எதுவும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அங்கிருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். புதையல் சட்டம் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் உண்டென்றும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்றும் விளக்கினார். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், மூல உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டுமாம். விவரங்களை எழுதி, அந்தத் தொழிலாளியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: “பார்த்தாயா, சர்க்காரும் நம்மைப்போல் எடைதான் போடுகிறது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுகிறது. அந்த ஒரு பங்குதான் நாம் எடை போடத் தெரியாமல் விட்டது.” புதையலில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநிதிக்கு உரியது என்று நம் மார்க்கச் சட்டமும் கூறுவதை ஹஜ்ரத் அன்று மாலை நினைவூட்டியபோது, அத்தாவின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்குகள்தாம். ஆயினும், மண்ணிலிருந்து கிடைப்பது கண்டெடுத்தவனுக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

ஏரிக்கரையைக் காத்தவர் இராமர் என்று எங்கள் ஊர்ச் சகோதர சமயத்தார் தம் கோயிலுக்கு ஏரிகாத்த இராமர் கோயில் என்று பெயர் வழங்குகிறார்கள். ‘காத்த’ என்ற சொல் எங்கள் ஊரில் தினமும் புழங்கும் சொல். செய்தி பரவியபின், அந்தக் கோயில் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் விற்காமல், அரைமணி நேரம் அத்தாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு பழைய குத்துவிளக்கு எது கடைக்கு வந்தாலும், அத்தா அதை ஒரு வாரம் தனியே எடுத்து வைப்பார். விற்றவர் மனம் மாறித் திரும்பி வந்தால், அதே விலைக்குத் திருப்பிக் கொடுப்பார். அதனால் கடைக்கு வருவாய் குறைந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அம்மா அதைக் கணக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

அத்தா 1989-ஆம் ஆண்டில் வஃபாத்தானார். அந்தக் கைமணியும் விளக்கும் பீடமும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை அவர் கடைசி வரை அறியவில்லை. கேட்கவும் இல்லை. “கொடுத்துவிட்ட அமானிதத்தைப் பின்தொடர்ந்து போய்க் கணக்குக் கேட்கக்கூடாது” என்பார்.

நான் அத்தாவைப் போல் பொறுமைசாலி அல்லன். 2016-ஆம் ஆண்டில், ஒன்பது வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு எழும்பூருக்குப் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகையால் சனிக்கிழமை சென்றோம். அத்தாவை நிறுத்திவைத்த அந்தச் செந்நிற வாயிலின் முன்னே நானும் நின்றேன். அது பூட்டிக் கிடந்தது. கட்டடத்தின் உறுதி குறைந்துவிட்டதென்று 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டதாம். காக்கும் வீட்டுக்கும் காப்பு வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பேத்தி வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெண்கலக் கூடம் திறந்திருந்தது. படிமங்களை அவள் விரைவாகப் பார்த்து முடித்தாள். சிறு பொருள்கள் இருந்த கண்ணாடிப் பேழைகளின் முன்னேதான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். விளக்குகளும் மணிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் இருந்த சீட்டை அவள் உரக்கப் படித்தாள். நான் ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர் எதுவும் வரவில்லை. எந்த அருங்காட்சியகத்திலும் பார்வைக்கு வைக்கப்படுபவை சிலவே. காப்பறைகளில் இருப்பவை பல. இது எனக்குத் தெரிந்ததுதான். எனினும் மனம் ஏமாற்றமடைந்தது.

“நன்னா, பூட்டனாரின் மணி இங்கே இல்லையா?” என்றாள் பேத்தி.

“எங்காவது இருக்கும் அம்மா. உருக்கப்படாமல் இருக்கும்” என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, ஒரு மணியைக் காட்டி, “இது பாடுமா, பேசுமா?” என்று கேட்டாள். அத்தாவின் பாடத்தை நான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். “பாடும்” என்றேன்.

வாசக அன்பர்களே! இந்த நிகழ்ச்சியை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1951-ஆம் ஆண்டு, எழும்பூர் மண்டபம் தேசியக் கலைக்கூடமான அதே ஆண்டில்தான், ஐதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது. மூன்றாம் சாலார் ஜங் நவாபு மீர் யூசுஃப் அலீகான் என்ற ஒரு முஸ்லிம் பெருமகன் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள்களே அங்கே பெரும்பகுதி. கெய்ரோவில் 1903-ஆம் ஆண்டு முதல் இஸ்லாமியக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. 2014-ஆம் ஆண்டில் குண்டுவெடிப்பில் சிதைந்த அதனைச் செப்பனிட்டு 2017-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தார்கள். ஆனால், தமிழ் முஸ்லிம்களாகிய நம்முடைய பெட்டிகளில் இருந்தவை எங்கே? அரபுத்தமிழில் நம் பாட்டிமார் ஓதிய கையெழுத்து ஏடுகள், நிக்காஹ் பதிவுகள், கப்பல் வணிகக் கணக்குகள், பெயர் பொறித்த செம்புகள், வெற்றிலைப் பெட்டிகள் ஆகியவற்றில் எத்தனையோ கரையானுக்கும் பழைய தாள் வணிகருக்கும் எங்கள் கடையைப் போன்ற கடைகளுக்கும் போய்விட்டன. எங்கள் கடைத் தராசில் நானே எத்தனை சொம்புகளில் நம்மவர் பெயர்களைப் படித்துவிட்டு எடை போட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அயலார் மணியைக் காத்துக் கொடுத்த வீட்டிலேயே, எங்கள் நன்னியின் ஓதல் ஏடு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த முறை வீட்டைப் பெருக்கிப் பரண் பொருள்களை இறக்கும்போது, எடை போடுவதற்கு முன்னே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாவிட்டால், படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைக்கும் வரை எடுத்து வையுங்கள். விடுமுறையில் பிள்ளைகளை எழும்பூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

அத்தாவின் தராசு இப்போது என் அறையில் தொங்குகிறது. வாங்குவதற்கு இருவர் வந்து கேட்டுவிட்டார்கள். முதலாமவர் என்ன விலை என்று கேட்டார். இரண்டாமவர் எத்தனை கிலோ என்று கேட்டார்.